ஒரு நகரத்தின் எல்லாப் பாட்டும்: 'லண்டன் காலிங்' கேட்கத் தொடங்குபவர்களுக்கு

பங்க் ராக் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது முள்முள்ளாக நிற்கும் தலைமுடி, சட்டையில் குத்திய ஊக்கு, காதைக் கிழிக்கும் கிதார், இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும் கத்தல். எனக்கும் அந்தச் சித்திரம்தான் முதலில் கிடைத்தது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் குழுவின் 'லண்டன் காலிங்' ஆல்பத்தைக் கேட்க உட்கார்ந்தேன். முதல் பாட்டு கனமான, அச்சமூட்டும் ராக். இரண்டாவது 1950களின் ராக் அண்ட் ரோல். மூன்றாவது தொடங்கும்போது யாரோ சாவகாசமாகச் சீழ்க்கை அடிக்கிறார். பின்னால் ஜாஸ் சாயலில் ஒரு கிதார், சோம்பலாக அசையும் தாளம், ஊதுகருவிகள். ஐந்தாவது பாட்டில் ஜமைக்காவுக்கு வந்துவிட்டோம். ஆறாவது பாட்டில் ஸ்பெயின் உள்நாட்டுப் போர்.

இது எப்படி பங்க் ஆகும்? அந்தக் கேள்வியோடுதான் இந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினேன். விடை கிடைத்த பிறகும் கேட்பதை நிறுத்த முடியவில்லை. புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு அந்த விடையை முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பங்க் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1970களின் நடுவில் ராக் இசை பெரிய தொழிலாக வளர்ந்திருந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம் நீளும் பாடல்கள். விளையாட்டு அரங்குகளில் கச்சேரி. மேடையில் இருப்பவருக்கும் கூட்டத்தில் நிற்பவருக்கும் நடுவே ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். அப்படி வாசிக்கப் பல வருடப் பயிற்சி வேண்டும், விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். வேலையில்லாத இருபது வயதுப் பையனுக்கு இரண்டும் கிடையாது. நியூயார்க்கில் ரமோன்ஸ், லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்று சில குழுக்கள் இதை உதறின. மூன்று கார்ட் தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்றார்கள். கார்ட் என்றால் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவது; கிதார் கற்பவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று பழகிவிடுவார்கள். 1977இல் ரசிகர்களே நடத்திய ஒரு சிற்றிதழ் மூன்று கார்டுகளின் படத்தை வரைந்து, கீழே 'இனி ஒரு குழுவைத் தொடங்கு' என்கிற பொருளில் எழுதியது. பங்க் என்ன சொல்ல வந்தது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

கவனித்தால் இதற்குள் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று, ஒலி: வேகம், கரகரப்பு, கத்தல். இன்னொன்று, உரிமை: யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் மனதில் உள்ளதைப் பாடிவிடலாம். தொடக்கத்தில் இவை இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. இரண்டே வருடத்தில் பிரிந்துவிட்டன. 1979 வந்தபோது பங்க் பாட்டுக்கு வேகம் இவ்வளவு, பங்க் ரசிகனுக்கு உடை இப்படி என்று சட்டதிட்டம் வந்துவிட்டது. செக்ஸ் பிஸ்டல்ஸ் 1978 ஜனவரியிலேயே உடைந்துபோயிருந்தது. அந்த ஒலியைக் காப்பாற்றுவதா, அந்த உரிமையைக் காப்பாற்றுவதா? கிளாஷ் உரிமையின் பக்கம் நின்றது. 'லண்டன் காலிங்' அந்தத் தேர்வில் பிறந்த ஆல்பம்.

நான்கு பேர்

கிளாஷ் குழுவின் நான்கு பேரும் நான்கு வகை. பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர். ஸ்ட்ரம்மர் பிறந்தது துருக்கியின் அங்காராவில், வளர்ந்தது விடுதிப் பள்ளியில். அவருடைய பாடல் வரிகளில் உலக வரைபடம் விரிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மிக் ஜோன்ஸ் லண்டனில் அடுக்குமாடி அரசுக் குடியிருப்பில் பாட்டியோடு வளர்ந்தவர். கிதார் வாசிப்பார், மெட்டுப் போடுவார், எந்தக் கருவி எங்கே வர வேண்டும் என்று தீர்மானிப்பார். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதார் பால் சிமனன் கையில். இவர் ஓவியம் படித்தவர். குழுவில் சேர்ந்தபோது பேஸ் வாசிக்கத் தெரியாததால், கருவியின் கழுத்தில் சுரங்களின் பெயர்களைப் பெயிண்டில் எழுதி வைத்துக்கொண்டு பழகினார். நான்காமவர் டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடன்.

டாப்பரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தைப் பேசும்போது ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ் இருவரின் பெயரையும்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஆனால் பல வகை இசையைக் கலப்பது முதலில் தாளத்தில் நடக்க வேண்டிய வேலை. கிதார்காரர் ஜமைக்காவின் ரெகே வாசித்து டிரம்ஸ்காரர் ராக் அடித்தால் அது ரெகே ஆகாது. டாப்பருக்கு ஜாஸ் தெரியும், கறுப்பின அமெரிக்கர்களின் சோல் தெரியும், ஃபங்க் தெரியும்; 1977இல் குழுவில் சேர்ந்ததிலிருந்து அந்தத் திறமையில் பாதியைக்கூடப் பயன்படுத்தும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. 'லண்டன் காலிங்'கில் கதவு முழுதாகத் திறந்தது. இரண்டாம் முறை கேட்கும்போது பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பத்தொன்பது பாடலுக்கும் அடித்தது ஒரே ஆள் என்று நம்புவது கடினம்.

இனி ரெகேக்கு வருவோம். இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பிரிட்டனுக்கு வேலைக்கு வந்தார்கள். லண்டனில் பிரிக்ஸ்டன், நாட்டிங் ஹில் பகுதிகளில் நெருக்கமாகக் குடியேறினார்கள். அவர்களோடு ஜமைக்காவின் இசையும் வந்தது. 1960களின் தொடக்கத்தில் அது ஸ்கா, துள்ளலான வேகம். கொஞ்சம் நிதானமானபோது ராக்ஸ்டெடி. இன்னும் நிதானமாகி, பேஸ் முன்னுக்கு வந்தபோது ரெகே. சிமனன் இந்தத் தெருக்களில் வளர்ந்தவர். அவருக்கு இது பக்கத்து வீட்டுப் பாட்டு. 1977இன் தொடக்கத்தில் லண்டனின் ராக்ஸி கிளப்பில் டான் லெட்ஸ் என்பவர் இசைத்தட்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். ஜமைக்கப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். பங்க் இசைத்தட்டுகள் அப்போதுதான் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருந்தன. அதனால் குழுக்கள் மேடை ஏறுவதற்கு இடையில் ரெகே போட்டார். பங்க் கேட்க வந்த கூட்டத்தின் காதில் ரெகே ஏறியது இப்படித்தான்.

ரெகே தாளத்தை வீட்டிலேயே புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு எண்ணுக்கும் காலால் தரையைத் தட்டுங்கள். இப்போது கால் மேலே எழும் நேரத்தில் மட்டும் கைதட்டுங்கள். கைதட்டு விழும் அந்த இடைவெளியில்தான் ரெகே கிதார் 'சக்' என்று வெட்டும். ராக் இசையில் கிதார் எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ரெகேயில் கிதார் ஒதுங்கி நிற்கும், மெட்டைச் சுமப்பது பேஸ். டிரம்ஸில்கூடப் பல சமயம் முதல் எண்ணைக் காலியாக விட்டு மூன்றாவது எண்ணில் அழுத்தம் கொடுப்பார்கள். தாளம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பது போலத் தோன்றுவது இதனால்தான். பங்கின் தாளம் முன்னால் பாய்ந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டையும் ஒரே குழு வாசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று கைதட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

கிளாஷ் 1977இல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலேயே ஜமைக்கப் பாடகர் ஜூனியர் மர்வினின் ஒரு ரெகே பாட்டைத் தங்கள் பாணியில் வாசித்திருந்தார்கள். அது நல்ல முயற்சி, ஆனால் வெளியிலிருந்து தொட்டுப் பார்ப்பது போல இருக்கும். இரண்டு வருடத்தில் அந்தத் தயக்கம் போய்விட்டது.

கராஜ், ஏணி, நாற்காலி

1979இன் தொடக்கத்தில் குழுவின் நிலைமை நன்றாக இல்லை. இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர் பளபளப்பாக்கித் தந்தது பல ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. மேலாளரோடு உறவு முறிந்திருந்தது. கையில் பணமும் இல்லை, புதுப் பாட்டும் இல்லை. பிம்லிகோ பகுதியில் ஒரு கார் பழுதுபார்க்கும் கராஜின் பின்புறத்தில் வெனிலா என்ற ஒத்திகை அறையைப் பிடித்தார்கள். தினமும் மதியம் கூடுவது, பழைய பாட்டுகளை வாசிப்பது, எதிரில் உள்ள மைதானத்தில் கால்பந்து ஆடுவது, மறுபடி வாசிப்பது. ரெகே, ராக்கபிலி, ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று ஆளுக்கு ஆள் பிடித்ததை எல்லாம் வாசித்துப் பார்த்தார்கள். புதுப் பாட்டுகள் இதற்குள்ளிருந்து மெல்ல வந்தன. ஆல்பத்தில் கேட்கும் கலப்புக்கு இந்தக் கோடை மாதங்கள்தான் காரணம். எந்த இசை விற்கும் என்று யோசித்துச் சேர்த்திருந்தால் இவ்வளவு இயல்பாக வந்திருக்காது. நான்கு நண்பர்கள் ஓர் அறையில் தங்களுக்குப் பிடித்ததை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஹைபரியில் உள்ள வெசெக்ஸ் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. தயாரிப்பாளராக அவர்கள் கேட்டது கய் ஸ்டீவன்ஸை. 1960களில் லண்டனில் அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். 1979இல் குடிப்பழக்கத்தில் சிக்கி, இசைத்துறை ஒதுக்கி வைத்த மனிதர். இசைத்தட்டு நிறுவனம் தயங்கியது, குழு விடவில்லை. ஸ்டீவன்ஸின் முறை என்ன தெரியுமா? வாசித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியைத் தூக்கி எறிவார், ஏணியைச் சுழற்றுவார், பியானோவுக்குள் மதுவைக் கொட்டுவார். சுருதி சுத்தமாக இருக்கிறதா என்பதைவிட உயிர் இருக்கிறதா என்பதே அவருக்கு முக்கியம். நுட்பமான வேலைகளைப் பொறியாளர் பில் பிரைஸ் அமைதியாகப் பார்த்துக்கொண்டார். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இந்த ஒலி கிடைத்திருக்காது.

இரண்டாவது பாடலான 'பிராண்ட் நியூ கேடிலாக்' இதற்கு நல்ல உதாரணம். ராக் அண்ட் ரோல் பாடகர் வின்ஸ் டெய்லர் 1959இல் பாடியது. கிளாஷ் அதை ஒரு முன்னோட்டமாக வாசித்து முடித்ததும் ஸ்டீவன்ஸ் அதையே ஏற்றுக்கொண்டார். போகப் போக வேகம் கூடிவிட்டதே, இன்னொரு முறை எடுக்கலாம் என்றார் டாப்பர். ராக் அண்ட் ரோல் என்றால் வேகம் கூடத்தான் செய்யும் என்று ஸ்டீவன்ஸ் சொல்லிவிட்டார். இன்று நாம் கேட்பது அந்த ஒரே தடவை வாசித்ததைத்தான். ஸ்டீவன்ஸ் 1981இல் இறந்துபோனார். வயது 38.

பாட்டுகளுக்குள்

முதல் பாட்டின் தலைப்புதான் ஆல்பத்துக்கும் தலைப்பு. 'லண்டன் அழைக்கிறது' என்பது பிபிசி வானொலி போர்க்காலத்தில் ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளுக்கு ஒலிபரப்பும்போது சொன்ன அறிமுக வாசகம். சிற்றலை வானொலியில் பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாசகத்தின் கனம் உடனே புரியும்: இரைச்சலுக்கு நடுவே, தொலைவிலிருந்து, நம்பத் தகுந்த ஒரு குரல். ஸ்ட்ரம்மர் அந்த வாசகத்தை எடுத்து, நம்பிக்கை தரும் செய்திக்குப் பதில் ஆபத்துச் செய்தியை அதில் ஏற்றினார். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்திருந்தது. தேம்ஸ் நதி பெருகி லண்டனை மூழ்கடிக்கும் என்ற பயமும் அப்போது உண்மையானது. வெள்ளத் தடுப்பணை இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. அணு விபத்து, வெள்ளம், பருவநிலை தலைகீழாவது, உணவுப் பஞ்சம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்குகிறது பாட்டு.

அந்தப் பயத்தை இசை எப்படிக் கொண்டுவருகிறது என்று பாருங்கள். கிதார் நான்கு எண்ணுக்கும் வெட்டி வெட்டி விழுகிறது, ராணுவ நடை போல. அதற்குக் கீழே சிமனனின் பேஸ் படி இறங்குவது போல ஊர்ந்து இறங்குகிறது. அந்த பேஸில் ரெகேயின் சாயல் தெளிவாகக் கேட்கும். கடைசியில் எல்லாக் கருவிகளும் ஓய, கிதாரின் இரைச்சல் மட்டும் விட்டுவிட்டு ஒலிக்கிறது. அது மோர்ஸ் குறியீட்டில் எஸ்ஓஎஸ்: மூழ்கும் கப்பல் உதவி கேட்கும் சமிக்ஞை. தெரியாமல் கேட்டாலும் அந்த முடிவு மனதைப் பிசையும். தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் அதிகம்.

'ஸ்பானிஷ் பாம்ப்ஸ்' எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்ட கவிஞர் ஃபெடரிகோ கார்சியா லோர்காவின் பெயர் அதில் வருகிறது. போரில் மடிந்தவர்களும், 1970களில் அதே நாட்டுக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போகும் பிரிட்டிஷ் பயணிகளும், அங்கே அப்போது வெடித்த குண்டுகளும் ஒரே பாட்டில் மாறி மாறி வருகிறார்கள். மெட்டோ, கோடைக்கால வானொலிப் பாட்டு போல அவ்வளவு இனிமை. துக்கத்தை இனிமையான மெட்டில் வைத்தால் அது எவ்வளவு நாள் மனதில் தங்கும் என்பது ஒப்பாரியும் தாலாட்டும் கேட்டு வளர்ந்த நமக்குத் தெரிந்ததுதானே.

'லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்' இன்னொரு திசை. இதை எழுதியவர் ஸ்ட்ரம்மர், பாடியவர் ஜோன்ஸ். அடுக்குமாடியில் பாட்டியோடு வளர்ந்த ஜோன்ஸின் சிறுவயதை ஸ்ட்ரம்மர் கற்பனை செய்து, நண்பன் பாடுவதற்காகவே எழுதிக் கொடுத்தார். கடை நிறைய பொருள் இருக்கிறது, வாங்க வந்தவருக்குத் தான் யார் என்று தெரியவில்லை. கத்தவே இல்லை, டாப்பரின் டிரம்ஸ் டிஸ்கோ சாயலில் மெல்லப் போகிறது. ஒரு பங்க் குழு தனிமையைப் பற்றி இவ்வளவு மென்மையாகப் பாடியது அந்த நாளில் துணிச்சலான காரியம்.

அப்புறம் 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. சிமனன் எழுதி அவரே பாடிய முதல் பாட்டு. பாட்டு எழுதுபவர்களுக்குத்தான் பணம் வருகிறது என்று பார்த்துத்தான் எழுத உட்கார்ந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் எழுதியது முழுக்கத் தன் தெருவைப் பற்றி. பிரிக்ஸ்டனில் அப்போது கறுப்பின இளைஞர்களைச் சந்தேகத்தின் பேரிலேயே போலீஸ் நிறுத்திச் சோதிக்கும். அதற்குப் பயன்பட்டது 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம். போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வரும்போது நீ எப்படி வெளியே வருவாய் என்று கேட்கிறது பாட்டு. சிமனன் பயிற்சி பெற்ற பாடகர் இல்லை, தட்டையான குரல். அந்தத் தட்டைத்தன்மையில்தான் மிரட்டல் இருக்கிறது. ஆல்பம் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் பெரும் கலவரம் வெடித்தது. அந்தப் பாட்டின் பேஸ் 1990இல் வேறொரு நடனப் பாட்டில் மறுபடி எடுத்தாளப்பட்டு, பிரிட்டன் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. சுரப்பெயரைப் பெயிண்டில் எழுதிப் பழகிய கையில் பிறந்த பேஸ் அது.

இரண்டு இசைத்தட்டுகளில் நான்கு பக்கமாக வந்தது இந்த ஆல்பம். மூன்றாம் பக்கத்தின் முதல் பாட்டு 'ராங் எம் போயோ' கலப்பு என்றால் என்ன என்பதைக் கண்முன்னே நடத்திக் காட்டுகிறது. பழைய அமெரிக்க நாட்டுப்புறக் கதையான ஸ்டாகர் லீயின் கதை ப்ளூஸ் நடையில் தொடங்கும். சில வரிகளிலேயே பாட்டு நின்றுவிடும். முதலிலிருந்து தொடங்குவோம் என்று குரல் வரும். அடுத்த நொடி துள்ளும் ஸ்கா! மூலப் பாட்டு ஜமைக்காவின் தி ரூலர்ஸ் குழுவினுடையது. விருந்தினராக வாசித்த மிக்கி கல்லாகரின் ஆர்கனும் ஊதுகருவிகளும் சேரும் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

எல்லாப் பாட்டும் இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். நான்காம் பக்கத்தில் 'லவர்ஸ் ராக்', 'ஃபோர் ஹார்ஸ்மென்' இரண்டும் என் கணக்கில் பலவீனமானவை. மொத்தம் 65 நிமிடம், அதில் ஓர் ஆறு ஏழு நிமிடம் தளர்கிறது. இவ்வளவு அகலமாகக் கால் வைத்த ஆல்பத்துக்கு அது குறைவுதான்.

விலையும் உறையும்

இரட்டை ஆல்பம் என்றால் இரண்டு எல்பி தட்டுகள், விலையும் அதற்கேற்ப இருக்கும். கிளாஷ் ஒற்றை ஆல்பத்தின் விலையில் விற்க வேண்டும் என்றார்கள். அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான சிபிஎஸ் மறுத்தது. சரி, கூடவே ஒரு 12 அங்குல ஒற்றைப் பாடல் தட்டை இலவசமாகத் தரலாமா என்று கேட்டார்கள். அதற்குச் சம்மதம் கிடைத்தது. கடைசியில் அந்த 'இலவசத் தட்டில்' ஒன்பது பாடல்கள் இருந்தன. 1979 டிசம்பர் 14 அன்று சுமார் 5 பவுண்டு விலையில் 19 பாடல்கள் ரசிகர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வருடம் பிரிட்டன் வேலைநிறுத்தங்களாலும் விலைவாசியாலும் திணறிக்கொண்டிருந்தது. பங்கின் உரிமை என்று முன்னால் சொன்னேனே, அதில் இதுவும் சேர்த்தி: பாட்டு யாருக்காகவோ அவர்களால் வாங்க முடிய வேண்டும்.

உறைப்படத்தையும் பலர் பார்த்திருப்பீர்கள். 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் எடுத்தது. பார்வையாளர்களை இருக்கையிலிருந்து எழக்கூட விடாமல் காவலர்கள் தடுத்தார்கள். ஆத்திரத்தில் சிமனன் தன் பேஸ் கிதாரைத் தரையில் ஓங்கி அடித்தார். மேடை ஓரத்தில் நின்ற புகைப்படக் கலைஞர் பென்னி ஸ்மித் அந்த நொடியைப் பிடித்தார். படம் கொஞ்சம் மங்கலாக இருப்பதால் வேண்டாம் என்றவர் ஸ்மித்தான். ஸ்ட்ரம்மரும் உறையை வடிவமைத்த ரே லௌரியும் கேட்கவில்லை. இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் உள்ள எழுத்துகள் 1956இல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்தை நினைவூட்டவே அப்படி அமைக்கப்பட்டன. முந்தைய தலைமுறையின் ராக்கைத் தூக்கி எறிந்த பங்க், தன் உறையில் அதற்கும் முந்தைய ராக்கை வணங்குகிறது. ஆல்பத்தின் உள்ளே இருப்பதும் அதுதான்.

இன்றும் ஏன்?

பட்டியல்களில் இடம்பிடித்த கதை எளிது. பிரிட்டனில் 9ஆம் இடம், அமெரிக்காவில் 27. அமெரிக்காவில் 1980 ஜனவரியில் வெளியானதால், 'ரோலிங் ஸ்டோன்' இதழ் இதை 1980களின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பட்டியல்களுக்காக யாரும் ஒரு பாட்டை நாற்பது வருடம் கேட்பதில்லை.

எனக்குத் தோன்றுவது இது. அந்தக் காலத்துப் பங்க் பாட்டுகளில் பல ஒரே உணர்ச்சியில் நிற்கும்: கோபம். கோபம் தணிந்த நாளில் அவற்றைப் போடத் தோன்றாது. இந்த ஆல்பத்தில் பயம் இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, காதல் தோல்வி இருக்கிறது, போதையில் அழிபவர் இருக்கிறார், சமரசம் செய்துகொண்டு அலுவலகம் போகத் தொடங்கும் இளைஞன் இருக்கிறான், நடனமும் இருக்கிறது. உலகம் முழுகப் போகிறது என்று தொடங்கிக் கொண்டாட்டத்தில் முடிகிறது. அந்தக் கொண்டாட்டம் முதல் பாட்டின் பயத்தை மறந்துவிட்டு வந்தது போலத் தோன்றுவதில்லை. எந்த வயதில் கேட்டாலும் அந்த வயதுக்கு ஒரு பாட்டு அதில் கிடைக்கிறது. இருபதில் 'கிளாம்ப்டவுன்', நாற்பதில் 'டெத் ஆர் குளோரி'. வெள்ளமும் பருவநிலையும் தினச் செய்தியாகிவிட்ட இந்த வருடங்களில் முதல் பாட்டோ 1979ஐவிட இப்போது இன்னும் அருகில் வந்துவிட்டது.

கிளாஷ் அதன் பிறகு நெடுநாள் நிலைக்கவில்லை. 1980இல் 36 பாடல்களோடு மூன்று தட்டு ஆல்பம் ஒன்றைப் போட்டார்கள். 1982இல் ஹெராயின் பழக்கத்தால் டாப்பர் வெளியேற்றப்பட்டார், அடுத்த வருடம் ஜோன்ஸ். ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பரில் 50 வயதில் காலமானார்.

ஆனால் பக்கத்துத் தெருவின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்கும் அந்த வழி வேறொருவரிடம் தொடர்ந்தது. கிளாஷ் 1982இல் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்று ஒரு பாட்டு செய்தார்கள், குடியேறிகள் புறக்கணிக்கப்படுவதைப் பற்றி. 2007இல் அதன் தொடக்க இசையை எடுத்து 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டைக் கட்டினார் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போர் துரத்த மறுபடி லண்டனுக்கு அகதியாக வந்து, தென் லண்டனின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். குடியேறிகளைப் பார்த்து வெள்ளைக்கார இளைஞர்கள் எழுதிய இசையின் மேல், குடியேறி ஒருவரே நின்று பாடினார். அமெரிக்கப் பட்டியலில் அது 4ஆம் இடம் வரை போனது. கிளாஷ் கேட்டுக் கற்ற நகரத்தில் இப்போது நம் குரலும் இருக்கிறது என்று அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? முழுசாக 65 நிமிடம் ஒரே நாளில் வேண்டாம். எல்பி தட்டுக்கு நான்கு பக்கம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் கேளுங்கள். முதல் பக்கம் ஐந்து பாட்டு, 'ரூடி கான்ட் ஃபெயில்' வரை. ரெகே பழக்கமில்லாதவர்கள் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வரும் 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்ட'னை மட்டும் நல்ல ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்கலாம்; கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவே கேட்காது, பாட்டில் பாதி போய்விடும்.

நான்காம் நாள் கடைசிப் பாட்டைத் தவறவிடாதீர்கள். 'ட்ரெயின் இன் வெயின்' ஓர் இசை வார இதழோடு இலவசமாகக் கொடுப்பதற்காகச் செய்தது. அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பாட்டை ஆல்பத்தில் சேர்க்கலாம் என்று முடிவானபோது உறைகள் தயாராகிவிட்டன, பெயரைச் சேர்க்க நேரமில்லை. நான்காம் பக்கத்தில் ஊசி ஓடி முடியும் வெற்றுப் பகுதியில் மட்டும் பெயரைக் கீறி வைத்தார்கள். கைவிடப்பட்ட காதலன் ஒருவன் ரயில் ஓடும் தாளத்தில் பாடும் சோல் பாட்டு. வரிகளில் ரயில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் முதல் முப்பதுக்குள் நுழைந்த அவர்களுடைய முதல் பாட்டு இதுதான். 1979 டிசம்பரில் தட்டை வாங்கியவர்கள் உறையில் எழுதியிருந்த பதினெட்டுப் பாடலையும் கேட்டு முடித்து, ஊசியை எடுக்கக் கை நீட்டியிருப்பார்கள். அப்போது டாப்பரின் டிரம்ஸ் மறுபடி தொடங்கியது.